‘பார்டர் ரொம்ப நல்லா இருக்கு’: பிடிக்காத பரிசை வாங்கும்போது நடப்பது என்ன?

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. நாத்தனார் வந்திருக்கிறார். துணிக்கடைப் பையிலிருந்து புடவையை எடுத்து, தட்டில் குங்குமச் சிமிழோடு வைத்துக் கொடுத்து, “பிரிச்சுப் பாருங்க அண்ணி” என்கிறார். உள்ளே கிளிப்பச்சைப் புடவை, அரக்கு பார்டர். வாங்குகிறவர் பச்சை கட்டுவதே இல்லை. அரை நொடி கை நிற்கிறது. பிறகு அந்தக் கை புடவையின் உடலைத் தொடாமல் நேராக பார்டருக்குப் போகிறது. ஜரிகையை விரலால் நீவுகிறது. “பார்டர் ரொம்ப நல்லா இருக்கு. எதுக்கு இவ்வளவு செலவு பண்ணீங்க?”

பக்கத்தில் ஏழு வயது மகள் நிற்கிறாள். “அம்மா, உனக்குத்தான் பச்சை பிடிக்காதே” என்று வாயெடுத்தவளை ஒரு பார்வை அடக்கிவிடுகிறது.

பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்க்கும் அதே வீட்டில்தான் இதுவும் நடக்கிறது. இது பொய்யா, மரியாதையா, பழகிப்போன நடிப்பா? ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிறகு இந்தக் குழப்பம் வீடுகளில் எழுகிறது. பெரும்பாலும் “அதெல்லாம் அப்படித்தான்” என்ற ஒரு வார்த்தையில் முடித்து வைக்கப்படுகிறது. அந்த அரை நொடியைப் பற்றி மானுடவியலாளர்களும் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றை அடுக்கிப் பார்த்தால் குழப்பம் கணிசமாகத் தெளிகிறது.

பரிசு முழுமையாவது வாங்கும்போதுதான்

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கொடுத்துவிட்டால் பரிசு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 122, கொடை என்பதற்கு விளக்கம் தருகிறது. பிரதிபலன் எதுவும் வாங்காமல், தன் விருப்பத்தின் பேரில் ஒருவர் கொடுக்க வேண்டும். அதைப் பெறுபவரோ அவர் சார்பில் ஒருவரோ ஏற்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அந்த ஏற்பு நடந்திருக்க வேண்டும். ஏற்பதற்கு முன்பே பெறுபவர் இறந்துவிட்டால் கொடை செல்லாது. வீட்டையோ நிலத்தையோ தானமாக எழுதும் பத்திரங்களில் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் இடம்பெறுவதன் காரணம் இதுதான்.

சட்டத்தில் ஏற்பு ஒரு கையெழுத்து. கூடத்தில் அது முகம். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925-இல் வெளியிட்ட கொடை பற்றிய நீண்ட கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்கப் பழங்குடிகள், பழைய ரோமானிய, இந்தியச் சட்ட நூல்கள் எனப் பல இடங்களை ஒப்பிட்டு, பரிசு என்பதற்குள் மூன்று கடமைகள் இருப்பதாகச் சொன்னார்:

1. கொடுக்க வேண்டிய கடமை.
2. வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை.
3. திருப்பிச் செய்ய வேண்டிய கடமை.

தென் மாவட்டங்களில் ‘செய்முறை’ என்ற ஒரே சொல்லில் இந்த மூன்றும் அடங்கிவிடும். “அவங்க நமக்குச் செஞ்சிருக்காங்க, நாம செய்யணும்” என்ற பேச்சில் முதல் கடமையும் மூன்றாவதும் வெளிப்படையாகவே கேட்கின்றன. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமன் வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால், திரும்பிப் போவது பாத்திரமும் பழத்தட்டும் மட்டுமா? உறவும் அதே வண்டியில் ஏறிப் போய்விடும்.

ஆக, ஒரு பரிசுக்குள் குறைந்தது இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, கையில் இருக்கும் பொருள். இன்னொன்று, ‘உன்னை நினைத்தேன், கடைக்குப் போனேன், எடுத்தேன்’ என்ற எண்ணம். பச்சைப் புடவை பிடிக்காமல் போகலாம். நாத்தனார் நினைத்துக்கொண்டது பிடிக்காமல் போகவில்லை. சிக்கல் எங்கே என்றால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில், ஒரே முகத்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் வெகு காலத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்தவர் ஒரு தமிழ்ப் புலவர். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க குன்றும் மலையும் கடந்து வருகிறார். அரசன் அவரை நேரில் பார்க்காமல், ‘இதைக் கொண்டு போகட்டும்’ என்று பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வறியவர், பொருள் தேவைதான். ஆனாலும் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமலே கொடுத்த இந்தப் பொருளுக்கு நான் ‘வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்கிறார். என் தகுதியறிந்து பேணிக் கொடுத்தால் தினையளவு ஆனாலும் இனிது என்று முடிக்கிறார். அவருக்கு வந்தது நல்ல பொருள், அதில் பேணுதல் இல்லை. நம் அண்ணிக்கு வந்ததில் பேணுதல் இருக்கிறது, பொருள்தான் சரியில்லை. பெருஞ்சித்திரனாரின் தராசில் நிறுத்தால் பச்சைப் புடவை மகிழ்ந்து வாங்க வேண்டிய பரிசுதான். பார்டரை நோக்கிப் போன கை அந்தத் தராசைத்தான் தேடிப் போனது.

முகம் எப்படிச் சமாளிக்கிறது?

சிரிப்பில் இரண்டு தசைகள் முக்கியமானவை. கன்னத்திலிருந்து உதட்டோரத்தை மேலே இழுப்பது ஒன்று. கண்ணைச் சுற்றி வளையமாக இருந்து, கண்ணைச் சற்றே சுருக்கி ஓரத்தில் கோடுகளை விழவைப்பது இன்னொன்று. கியோம் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளுக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தி ஒவ்வொன்றின் வேலையையும் படம்பிடித்து 1862-இல் வெளியிட்டார். உதட்டுத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண் வளையத் தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்பது அவருடைய முடிவு. கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு இன்றும் ‘துஷேன் சிரிப்பு’ என்றே பெயர்.

அந்த முடிவு பாதிதான் சரி. வேண்டுமென்றே கண்ணோரத்தையும் சுருக்கிச் சிரிக்கப் பலருக்கும் முடிகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. வேறுபாடு அதிகம் தெரிவது வேகத்தில். தானாக வரும் சிரிப்பு மெல்ல மலர்ந்து மெல்ல அடங்கும். வரவழைத்த சிரிப்பு சட்டென்று வந்து சட்டென்று போகும். இரண்டுக்கும் மூளையில் பாதையும் வேறு. பக்கவாதத்தில் முகத்தின் ஒரு பாதி செயலிழந்த சிலரிடம் ‘சிரியுங்கள்’ என்றால் அந்தப் பாதி அசையாது. உண்மையிலேயே சிரிப்பு வந்தால் இரண்டு பக்கமும் அசையும். மருத்துவர்கள் நீண்ட காலமாகக் கவனித்து வரும் அறிகுறி இது.

அப்படியென்றால் நாத்தனார் கண்டுபிடித்துவிடுவாரா? அந்நியர் பேசுவதை ஒருமுறை பார்த்துப் பொய்யா மெய்யா என்று சொல்லச் செய்த ஏராளமான சோதனைகளின் முடிவுகளை 2006-இல் இரண்டு உளவியலாளர்கள் தொகுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியான விடை வந்தது. காசு சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வரும். சோதனைக்கூடத்து அந்நியருக்குப் பொருந்துவது பத்து வருடமாகப் பழகிய நாத்தனாருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கும் கண்டுபிடிக்க விருப்பமில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தவர், அது பிடித்திருக்கிறது என்று நம்பவே விரும்புவார். இந்த நடிப்புக்கு எதிரில் இருப்பவரும் துணை நிற்கிறார்.

எந்த இடத்தில் எந்த உணர்ச்சியைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சமூகமும் எழுதாமல் வைத்திருக்கும் விதிகளை உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் பிரீசனும் 1969-இல் ‘வெளிக்காட்டும் விதிகள்’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதும், பரிசைப் பிரிக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது என்பதும் இந்த விதிகளில்தான் சேரும்.

சோப்புக்கட்டியும் குழந்தைகளும்

ஏழு வயது மகளிடம் திரும்புவோம். குழந்தைகள் இதை எப்போது கற்கிறார்கள் என்பதற்கு ஒரு தனிச் சோதனை முறையே இருக்கிறது. ‘ஏமாற்றப் பரிசு’ முறை என்று சொல்லலாம்.

கரோலின் சார்னி என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் குழந்தைகள் ஒரு சிறு வேலைக்கு முதலில் நல்ல பரிசைப் பெற்றார்கள். அடுத்த முறை அதே எதிர்பார்ப்போடு வந்தவர்களுக்குக் கைக்குழந்தைகள் வைத்து விளையாடும் பொம்மை தரப்பட்டது. வயது கூடக் கூட ஏமாற்றத்தை மறைப்பது கூடியது; மூத்த சிறுமிகள் அதிகம் மறைத்தார்கள், மிக இளைய சிறுவர்கள் முகத்தில் அப்படியே காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பமிலா கோல் வெளியிட்ட ஆய்வு இன்னும் இளைய குழந்தைகளைக் கவனித்தது. மூன்று, நான்கு வயதுச் சிறுமிகள், பரிசு கொடுத்தவர் எதிரில் இருந்தபோது சிரித்தார்கள். அவர் எழுந்து போனதும் அந்தச் சிரிப்பு குறைந்தது. தான் எதையோ மறைக்கிறோம் என்று எடுத்துச் சொல்லத் தெரியாத வயதிலேயே முகம் மறைக்கக் கற்றுவிட்டது.

2007-இல் விக்டோரியா தல்வார், சூசன் மர்பி, காங் லீ மூவரும் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது. மூன்று முதல் பதினோரு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பரிசாக ஒரு சோப்புக்கட்டி கொடுக்கப்பட்டது. கொடுத்தவரே “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் பிடித்திருக்கிறது என்றார்கள். வயதோடு அந்த எண்ணிக்கை உயர்ந்தது. எப்படிச் சொல்ல வேண்டும், முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோர் விவரமாகச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள் சொல்லிலும் முகத்திலும் இன்னும் நன்றாகச் சமாளித்தார்கள்.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. இப்படிச் சொல்லும் குழந்தை கெட்டுப்போகவில்லை. ‘எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதை நான் சொன்னால் இவருக்கு வருத்தமாக இருக்கும்’ என்று இன்னொருவர் மனதை உள்ளே ஒத்திகை பார்க்க முடிந்தால்தான் இது வரும். இந்தத் திறன் அறிவு வளர்ச்சியின் ஒரு படி.

2. தண்டனைக்குப் பயந்து சொல்லும் பொய்யும் இதுவும் ஒன்றில்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது. இது எதிரில் இருப்பவரை. குழந்தையிடம் இந்த வேறுபாட்டைப் பேசலாம்; ஒரு பார்வையால் அடக்கிவிட்டால் இரண்டும் ஒன்று என்றுதான் அவளுக்குப் பதியும்.

3. சிறுமிகள் முந்திக் கற்கிறார்கள் என்பதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இதற்குக் கீழே மீண்டும் வருவோம்.

வேண்டாத பரிசு ஏன் இவ்வளவு வருகிறது?

அன்பாகக் கொடுப்பவர்கள் ஏன் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993-இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளின் விலை என்ன இருக்கும், உறவு என்ற மதிப்பை ஒதுக்கிவிட்டால் அது உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று கேட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்திலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்கிட்டார். நண்பர்களும் காதலர்களும் கொடுத்ததில் இழப்பு குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா வகையில் கூடுதல். உறவை ஒதுக்கிவிட்டுப் பரிசை எடைபோடுவதே தவறு என்று அவருக்கு மறுப்பும் வந்தது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது என்றாலும், யாருடைய பரிசு அதிகம் தவறுகிறது என்று அவர் காட்டிய வரிசை நம் வீடுகளிலும் பொருந்தவே செய்கிறது. நம் அன்றாடத்தை அருகிலிருந்து பார்க்காதவர்கள், பழைய நினைவை வைத்து எடுக்கிறார்கள். பத்து வயதில் ஒருமுறை ஜிலேபி கேட்டவனுக்கு நாற்பது வயதிலும் பெரியம்மா ஜிலேபிதான் வாங்கி வருவார்.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் கொடுப்பவர் மனதும் வாங்குபவர் மனதும் எங்கெங்கே விலகுகின்றன என்று காட்டின. விலை கூடினால் மகிழ்ச்சி கூடும் என்று கொடுப்பவர் நினைக்கிறார். வாங்குபவரின் நன்றி விலையோடு ஏறுவதில்லை. கேட்டதையே வாங்கிக் கொடுத்தால் யோசிக்காமல் கொடுத்ததாக ஆகிவிடும் என்று கொடுப்பவர் தயங்குகிறார். வாங்குபவருக்கோ கேட்டது கிடைத்தால்தான் நிறைவு. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. கொடுப்பவர் பரிசைப் பிரிக்கும் அந்தக் கணத்தை நினைத்து எடுக்கிறார். வாங்குபவர் அதற்குப் பிறகு வரும் மாதங்களோடு வாழ வேண்டும். கடையில் பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, பீரோவில் பத்து வருடம் இருக்கப் போகிறது.

இங்கேதான் நடிப்பு தன் பங்குக்கு ஒரு கேட்டைச் செய்கிறது. தவறான பரிசுக்கு நல்ல பதில் கிடைத்தால், கொடுத்தவருக்குத் தன் தேர்வு தவறு என்று தெரிய வழியே இல்லை. அடுத்த தீபாவளிக்கும் பச்சைதான் வரும். “அண்ணிக்குப் பச்சைன்னா உசிரு” என்று மற்ற உறவினர்களுக்கும் சொல்லப்பட்டிருக்கும்.

நம் வழக்கங்கள் கண்டுபிடித்த வழிகள்

இந்தச் சங்கடத்தை நம் முன்னோர் உணராமல் இல்லை. முகம் நடிக்க வேண்டிய தேவையையே குறைக்கும் ஏற்பாடுகள் பல நம் விசேஷங்களில் இருக்கின்றன.

மொய் அதில் முதன்மையானது. பணம் என்பதால் பிடித்தது பிடிக்காதது என்ற பேச்சே இல்லை. மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டில் ஊரும் பேரும் தொகையும் எழுதப்படும். இப்போது பல ஊர்களில் கணினியில் ஏற்றி ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். மணமக்கள் யார் முகத்தையும் பார்த்துத் தொகையைப் பாராட்ட வேண்டியதில்லை. 101, 501, 1001 என்று ஒரு ரூபாய் கூட்டி வைக்கும்போது, உறவு இன்னும் தொடர்கிறது என்ற செய்தியும் அதிலேயே போய்விடுகிறது.

பொட்டலமாக வரும் பரிசுகளும் மேடையில் பிரிக்கப்படுவதில்லை. கைகொடுத்து, படம் எடுத்து, பின்னால் நிற்கும் தம்பியிடம் கைமாறி ஒரு மூலையில் சேரும். இரவு எல்லோரும் போன பிறகுதான் அந்தச் சுவர்க்கடிகாரங்களும் ஹாட்பாக்ஸ்களும் வெளியே வரும். ஜப்பானிலும் கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் வைப்பதே பழைய மரியாதை. எதிரிலேயே பிரித்துக் கூவி மகிழ வேண்டிய அமெரிக்க வழக்கத்தோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு இரக்கமுள்ள ஏற்பாடு என்று புரியும். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டியதும் பரிசுகளை அங்கேயே பிரிக்கும் பழக்கம் நகரங்களில் பரவிவருவதால், இந்தப் பாதுகாப்பை நாம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து வருகிறோம்.

இன்னொன்று, நவராத்திரித் தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துணி. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளோடு ஒரு துணி. அது அளவுக்குப் போதுமா, எந்தப் புடவைக்குச் சேரும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வீட்டில் வாங்கியது அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் போகும். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பப்புவா நியூ கினியின் கிழக்குப் பகுதித் தீவுகளின் ‘குலா’ வழக்கத்தை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் விரிவாக எழுதினார். சங்குக் காப்புகள் ஒரு திசையிலும் சிப்பி மாலைகள் எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு கைமாறிக்கொண்டே இருக்கும். தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்வதுதான் அங்கே குற்றம். ரவிக்கைத் துணியின் வேலையும் சுற்றுவதுதான். அழைத்தாள், வந்தாள், மதித்தாள் என்பதற்கு அது சாட்சி.

வந்த பரிசை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2012-இல் வெளியான ஆய்வில், தாங்கள் பெற்ற பரிசை வேறொருவருக்குக் கொடுத்தால் முதலில் கொடுத்தவர் மிகவும் புண்படுவார் என்று பரிசு பெற்றவர்கள் நினைத்தார்கள். கொடுத்தவர்களைக் கேட்டபோது, அவர்கள் அந்த அளவுக்குப் புண்படவில்லை. கொடுத்துவிட்டேன், இனி அவர் பொருள் என்பதே அவர்கள் மனநிலை.

புடவையும் வேட்டி சட்டையும் மட்டும் இந்த ஏற்பாடுகளுக்குள் அடங்குவதில்லை. அவை எதிரில் பிரிக்கப்படும்; உடலில் ஏற வேண்டும். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்ததை மாப்பிள்ளை எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். நம் கதையின் புடவைக்கும் அடுத்த கல்யாணத்தில் கணக்குக் கேட்கப்படும்: “நான் எடுத்துக் கொடுத்தேனே, அதைக் கட்டலையா அண்ணி?”

நடிப்பு எங்கே சுமையாகிறது?

பிடிக்காத பரிசைப் பிடித்ததாகக் காட்டுவது ஒரே செயல் என்று பேசுகிறோம். அது ஒரு வரிசை. படிப்படியாகப் போகும்:

1. முகம். முதல் அரை நொடியில் சுளிப்பை அடக்குவது. இதில் பொய் ஏதுமில்லை. பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

2. நன்றி. “எனக்காக இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கீங்க.” இது முழு உண்மை.

3. பொருளைப் பற்றிய சொல். “ரொம்ப நல்லா இருக்கு.” இங்கேதான் கிளை பிரிகிறது. பார்டர் நன்றாக இருக்கிறது என்பது உண்மை. “எனக்குப் பச்சைன்னா ரொம்பப் பிடிக்கும்” என்பது பொய்.

4. செயல். கட்டிக் காட்டுவது, படம் எடுத்து அனுப்புவது, வீட்டில் மாட்டுவது.

5. வாக்கு. “இதே மாதிரி இன்னொன்னு இருந்தா எடுத்துட்டு வாங்க.”

முதல் இரண்டு படியோடு நின்றால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. மூன்றாவதில் கவனம் வேண்டும். ஐந்தாவது படிக்குப் போனவர்தான் பிறகு வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார். பேச்சு வேகத்தில் ஒவ்வொரு படியும் அடுத்ததை இழுத்துவரும். “பிடிச்சிருக்கு” என்று சொன்னது போதாதோ என்ற பயத்தில் “ரொம்ப” சேரும், பிறகு “ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்” சேரும்.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்ற பழமொழியை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். மாட்டின் வயது கீழ்த்தாடை முன்பற்களில் தெரியும். சந்தையில் உதட்டை விலக்கி, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது (எல்லாப் பல்லும் முளைத்துவிட்டது) என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். கொடுத்தவர் எதிரிலேயே அப்படிப் பார்ப்பது தானத்தை வியாபாரமாக்கிவிடும் என்பதே பழமொழியின் கருத்து. வீட்டுக்கு ஓட்டிவந்து தொழுவத்தில் கட்டிய பிறகும் பல்லைப் பார்க்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. வயது தெரியாமல் ஏரில் பூட்டினால் கஷ்டப்படுவது மாடும் உழவனும்தான்.

இப்போது, சிறுமிகள் முந்திக் கற்பது பற்றித் தள்ளிவைத்த பேச்சுக்கு வருவோம். யார் நடிக்க வேண்டியிருக்கிறது, யாருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை? மருமகள் எடுத்துவந்த புடவையைப் பார்த்து “இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இந்தக் கலரு” என்று மாமியார் சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மாமியார் எடுத்ததை மருமகள் அப்படிச் சொல்ல முடியுமா? வீட்டு வேலைக்கு வருபவரிடம் தீபாவளிக்கு ஒரு பழைய புடவையையும் மீந்த பலகாரத்தையும் கொடுத்து, அவர் முகம் மலர்கிறதா என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்குத் தேவை பணம். அதைக் கேட்க முடியாதது மட்டுமில்லை, கேட்கவே தோன்றாதது போல் மகிழ்ந்தும் காட்ட வேண்டும்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்ச்சியைச் சரிசெய்துகொள்வதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று அழைத்தார். அதில் இரண்டு வகை சொன்னார். முகத்தில் மட்டும் காட்டுவது மேற்பரப்பு நடிப்பு. உள்ளேயே அந்த உணர்ச்சியை வரவழைத்துக்கொள்ள முயல்வது ஆழ்ந்த நடிப்பு. வீட்டுக்குள் சம்பளம் இல்லாமல் இதே வேலை நடக்கிறது. உரிமை குறைந்தவர் மேல்தான் அது அதிகம் விழுகிறது. மூன்று வயதுச் சிறுமி ஏமாற்றத்தை மறைத்துச் சிரித்தாள் என்ற ஆய்வு முடிவை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. அவளுக்குப் பண்பு மட்டும் பழகவில்லை, தன் விருப்பத்தைக் கடைசியில் வைப்பதும் சேர்ந்தே பழகுகிறது. அதே அறையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட பையனை “ஆம்பளப் பையன், அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய கால் மசாஜ் கருவி அலமாரி மேலே அட்டைப்பெட்டியோடு இருக்கும். “உபயோகமா இருக்காப்பா?” என்று போனில் கேட்டால் “தினமும் போடுறேன்டா” என்பார் அப்பா. அவருக்குத் தேவைப்பட்டது காது கேட்கும் கருவியாக இருக்கலாம். மகன் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை. இங்கே நடிப்பவர் பலவீனமானவரும் இல்லை, அஞ்சுபவரும் இல்லை; பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர். ஆனாலும் இழப்பு உண்மையானது, அதுவும் இருவருக்கும்.

கொடுப்பவர் செய்யக்கூடியது

வாங்குபவர் எப்படிச் சொல்வது என்றுதான் எப்போதும் அறிவுரை வருகிறது. நெருங்கிய உறவில் சில நாள் கழித்து, தனியாக, பொருளை மட்டும் பேசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்: “பச்சை எனக்கு எடுப்பா இல்ல, அடுத்த தடவை சேர்ந்தே கடைக்குப் போலாமா?” எண்பது வயதுப் பாட்டி கையால் பின்னிய வயர் கூடைக்கு இதுவும் தேவையில்லை, அங்கே இரண்டாம் படியோடு நிறுத்திக்கொண்டு, கூடையைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தால் போதும். உடலுக்கு ஒவ்வாத உணவோ பூச்சோ என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சொல்லும் துணிவை எப்போதும் கீழே இருப்பவரிடமே எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை. கொடுப்பவர் கையில் ஓர் எளிய வழி இருக்கிறது. துணிக்கடைகள் பலவற்றில் பில்லோடு, ஒட்டிய சீட்டைப் பிரிக்காமல், குறிப்பிட்ட நாளுக்குள் கொண்டுபோனால் வேறு துணி மாற்றித் தருகிறார்கள். கொடுக்கும்போதே பில்லைப் பைக்குள் போட்டு, “கலர் உங்களுக்குச் சரியா வரலைன்னா மாத்திக்கலாம் அண்ணி, நான் தப்பா நினைக்க மாட்டேன்” என்று நாத்தனாரே சொல்லிவிட்டால், அந்த அரை நொடிக்கு வேலையே இல்லை. வேலைக்கு வருபவரிடம் “புடவையா, பணமா, எது தேவைப்படும்?” என்று பத்து நாள் முன்பே கேட்டுவிடலாம். மகன் அப்பாவிடம் கேட்க வேண்டியது “பிடிச்சிருக்கா?” என்ற கேள்வி இல்லை, “கடைசியா எப்பப்பா போட்டீங்க?” என்பது.

ஒன்றே ஒன்று, மாற்றலாம் என்ற பேச்சைப் புடவை கைமாறும் அன்றே பேசிவிட வேண்டும். ஃபால்ஸ் தைத்து, ரவிக்கைக்கான துணியை வெட்டியெடுத்த புடவையை எந்தக் கடையும் திரும்ப வாங்குவதில்லை.